கைப்பிள்ளைக்காரிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் அப்படித்தான், வாசலில் நின்று கூப்பிடாது, நேரே உள்ளே வந்துவிடும். மிளகாய்போல உறைப்பேன் என்று பிள்ளைகள் எனக்குக் "கொச்சிக்காய் ரீச்சர்" என்று பட்டம் வைத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் ஐந்தாம் வகுப்பு ரீச்சர். சண்டைக் காலம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் பெற்றோர்கள் சேர்ந்து பெரிய பதுங்குகுழி ஒன்று வெட்டித் தந்திருந்தார்கள். மேலே தென்னங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. ஷெல் விழத் தொடங்கினால் பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கும் பொறுப்பை அதிபர் என் தலையில் கட்டினார். "உங்கட சத்தத்துக்குத்தான் ரீச்சர் எல்லாரும் ஓடுவினம்" என்றார். புகழ்ந்தாரா, நக்கலடித்தாரா, இன்றுவரை தெரியாது.

அந்த ஊரில் வெடிச் சத்தத்துக்குக் குறைவில்லை. கப்பலுக்குக் குண்டு வைக்கத் துறைமுகத்துக்குள் சுழியோடிகள் நீந்தி வந்துவிடக்கூடாதென்று கடற்படை தண்ணீருக்கடியில் வெடி போட்டுக்கொண்டே இருக்கும். "அது தண்ணி வெடி, ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். வெளியூரிலிருந்து வந்த கல்விக் கந்தோர் அதிகாரி ஒருவர் ஒருநாள் தண்ணி வெடிக்கு என் மேசைக்குக் கீழே போய்விட்டார். சிரிப்பை அடக்க என் வகுப்பு பட்ட பாடு சொல்லி மாளாது. நான் பட்ட பாடு அதைவிடப் பெரிது.

முதல் ஒத்திகை ஒரே கூத்து. மணி அடித்ததும் ஐந்தாம் வகுப்பு ஓடிப்போய்க் குழிக்குள் நல்ல இடமாகப் பிடித்துக் குந்திக்கொண்டது. முதலாம் வகுப்பில் அரைவாசி நின்ற இடத்திலேயே அழுதது. ஒன்று செருப்பைத் தேடியது. இன்னொன்று தண்ணீர்ப் போத்தல் எடுக்கத் திரும்பவும் வகுப்புக்குள் ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஐந்தாம் வகுப்பை வெளியே கூப்பிட்டு வெயிலில் நிற்பாட்டினேன்.

"வெக்கமில்லையோ உங்களுக்கு? சின்னன்களை இடிச்சுத் தள்ளிப்போட்டு வந்து சொகுசா இருக்கிறியள்!"

ஏசி ஏசி மூச்சு வாங்கியபோதுதான் அந்த யோசனை வந்தது. ஐந்தாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். முதலாம் வகுப்பிலும் இருபத்திரண்டு. ஆளுக்கு ஒன்றைப் பொறுப்புக் கொடுத்தால் என்ன?

"இனி இதுகள் உங்கட கைப்பிள்ளையள். இடுப்பில இருக்கிற பிள்ளையை ஆரும் போட்டிட்டு ஓடுவினமோ? மணி அடிச்சா முதல்ல கைப்பிள்ளையின்ர கையைப் பிடிக்கவேணும். கைப்பிள்ளை இல்லாமல் ஒருத்தரும் குழிக்குள்ள வரக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம், ரீச்சர்!"

அதற்குப் பிறகும் பிரம்பால் மேசையில் தட்டித் தட்டி நூறு தரம் சொல்லியிருப்பேன்.

அந்தச் சொல் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கம் கைப்பிள்ளைக்காரி என்றால் வரிசையில் முன்னுக்கு விடுவார்கள், பஸ்ஸில் எழும்பி இடம் கொடுப்பார்கள். ஆகவே தண்ணீர்க் குழாயடியில் என் வகுப்புப் பெட்டைகள், "விலகுங்கோ, விலகுங்கோ, கைப்பிள்ளைக்காரியள் வாறம்!" என்று அதிகாரம் பண்ணினார்கள். பெடியன்களும் சளைக்கவில்லை. மூக்குச் சிந்திவிட்டார்கள், பொத்தான் பூட்டினார்கள், அறுந்த வாரோடு ஓட ஏலாது என்று காலையிலேயே செருப்பை இழுத்துப் பார்த்தார்கள். ஒருவன் தன் கைப்பிள்ளைக்குத் தகப்பன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் பாட்டாகப் பாடமாக்கிக் கொடுத்தான், துலைந்துபோனால் சொல்லவேண்டுமே என்று. இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒருத்தி மட்டும் எனக்குத் தலையிடி. நிலாவெளி வீதியால் பஸ்ஸில் வருகிறவள். சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றி அந்த பஸ் என்றைக்கும் பிந்தும். காரணம் தெரிந்துகொண்டே அவளுக்கு ஏசுவேன். பென்சில் இருந்தால் கொப்பி இராது, கொப்பி இருந்தால் வீட்டுவேலை இராது. "உன்னை நம்பி ஒரு காரியம் தர ஏலாது" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறேன். கைப்பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்தபோதும் கெட்டிக்காரருக்கெல்லாம் கொடுத்து முடித்து, கடைசியில் மிஞ்சியவள் அவள். முதலாம் வகுப்பில் மிஞ்சியது பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத ஒரு சின்னப் பெட்டை. மிஞ்சினதை மிஞ்சினதோடு சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அவள் இரண்டு பென்சிலோடு வந்தாள். அழிறப்பரை இரண்டாக வெட்டி ஒரு துண்டைச் சின்னவளுக்குக் கொடுத்தாள். பின்னேரங்களில் அவளை வீட்டு ஒழுங்கை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். எல்லாவற்றையும் பார்த்தேன். நல்லது என்று ஒரு சொல் சொல்லவில்லை. வாய் நீளமென்றேனே, அது ஏசுவதற்கு மட்டும்.

அன்று காலை முதலாம் வகுப்பு ரீச்சர் அரைச்சுவருக்கு மேலால் எட்டி, "அந்த வாய் பேசாத சின்னனுக்கு அம்மாள் வருத்தமாம். ரண்டு கிழமைக்கு வராது" என்றார். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அம்மை போட்டிருக்கிறது, சரி என்று மனதில் குறித்துக்கொண்டேன். பெரியவள் அப்போது வந்திருக்கவில்லை. பிறகு வழக்கம்போலப் பிந்தி வந்தாள். வழக்கம்போல ஏசி இருத்தினேன். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு சத்தம். "ரீச்சர், இது தண்ணி வெடி இல்லை" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வருவதற்குள் நான் மணிக்கு ஓடிவிட்டேன். பிள்ளைகள் ஓடிய அழகை நான் சொல்லவேண்டும். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் இடிபடவில்லை. குழி வாசலில் நின்று சோடி சோடியாக எண்ணி இறக்கினேன். இருபத்தொரு சோடி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். சின்னவள்தான் வரவில்லையே, கணக்குச் சரி.

பெரியவள் எங்கே?

"ரீச்சர், அவவின்ர கைப்பிள்ளையைக் காணேல்ல" என்றான் உள்ளேயிருந்து ஒருவன். "வீட்டுக்கு ஓடிட்டாளாக்கும் எண்டு சொல்லி, வேலிப் பொட்டுக்குள்ளால பூந்து தேடிப் போயிட்டா."

காலையில் ஒரு வசனம். ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இப்போது குழிக்குள் இருக்கும்.

நான் பள்ளிக்கூட வாசல் படலையைத் திறந்தேன். "ரீச்சர், உங்களுக்கென்ன விசரே?" என்று அதிபர் பின்னால் கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் ஒரு குருவி இல்லை. தலைக்கு மேலால் கூவிக்கொண்டு ஒன்று துறைமுகப் பக்கம் போய் விழுந்தது. சந்தியில் மண்மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த ஆமிக்காரப் பெடியன் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினான். பிள்ளை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை நானும் கத்தினேன். "லமயா! லமயா!" அவன் ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டினான். ஓடும்போது நான் கும்பிட்டது என்ன தெரியுமா? முருகா, அவள் உயிரோடு இருக்கவேணும், நான் அவளுக்கு ரெண்டு போடவேணும்.

சின்னவளின் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. தாய் கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மாள் வந்த வீடு பிள்ளை, உள்ள வராத எண்டு சொன்னனான் ரீச்சர். கேக்கேல்ல. கைப்பிள்ளை இல்லாமல் போனா ரீச்சர் குழிக்குள்ள விடமாட்டா எண்டு ஒரே பிடிவாதம். ரெண்டையும் கட்டிலுக்குக் கீழ விட்டிருக்கிறன்."

முழங்காலில் விழுந்து எட்டிப் பார்த்தேன். இருட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சின்னவளின் முகம் முழுக்கக் கொப்புளம். பெரியவள் அவளுடைய கையைப் பிடித்தபடி. உயிரோடு இருக்கிறாள் என்று கண்ட உடனே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெளியில வா! மூளை இருக்கோ உனக்கு? ஆரைக் கேட்டு வெளிக்கிட்டனீ?"

அவள் நடுங்கினாள். அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கேட்டிராத குரல்.

"ஏசாதேங்கோ ரீச்சர். என்ர கைப்பிள்ளை பயப்பிடுது."

நான் நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். பிடிக்கிற கை யாருடையதோ அவர் கைப்பிள்ளை என்று அந்தக் குஞ்சு விளங்கிக்கொண்டிருக்கிறது. நானும் அந்தத் தாயும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினோம். அடுத்த சத்தத்துக்குத் தாய் என்னை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளித் தானும் வந்தாள். என் உடம்புக்கு அந்தக் கட்டில் போதாது. கால் இரண்டும் வெளியே கிடந்தன.

"பிழை என்ர, மகள்" என்றேன் பெரியவளுக்கு. "இவள் வரமாட்டாள் எண்டு எனக்குக் காலமையே தெரியும். உனக்குச் சொல்ல மறந்துபோனன்."

அத்தனை வருடப் படிப்பிப்பில் ஒரு பிள்ளைக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து வரவு இடாப்பு வாசித்த கையோடு, வராத சின்னன்களின் பெயரையும் என் வகுப்பில் வாசித்தேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெறும்வரை போகவில்லை.

அன்று சத்தம் ஓய்ந்த பிறகு நானும் பெரியவளும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அவ்வளவு நேரமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் சந்தி தாண்டியதும் விம்மத் தொடங்கினாள்.

"அடிக்க மாட்டன். அழாத" என்றேன்.

"அதுக்கில்லை ரீச்சர்."

"பின்ன என்னத்துக்கு?"

"நான் அவளைக் குழிக்குக் கொண்டு வரேல்லத்தானே. இனி அவளை வேற ஆரிட்டையும் குடுத்திடுவீங்களோ?"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். குடுக்க மாட்டன் என்றேன். அவள் நம்பவில்லை. சத்தியமாகக் குடுக்க மாட்டன் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தரம் சொன்ன பிறகுதான் சட்டையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.