பின்வாசல் புள்ளி

கோட்டையூரில் செம்மலையைத் தெரியாத அடுப்படி கிடையாது. பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாக சிலிண்டர் போடுகிறவர். வயது முப்பத்தைந்து ஆனாலும் சுவரைக் கண்டால் அவர் கால் சும்மா இருக்காது. தாவி அந்தப்பக்கம் குதித்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். அதற்குப் பார்க்கூர் என்று ஒரு பெயர் இருப்பதே போன் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அப்புறம் விடுவாரா? எந்தத் தெருவில், எந்தப் படியில் தாவலாம் என்று போன் வரைபடத்தில் புள்ளி வைத்து, வீடியோவும் ஏற்றினார். ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பதின்மூன்று புள்ளிகள்!

அதைப் பார்த்து மதுரையிலிருந்து பதினோரு பேர் வருகிறோம் என்றதும் செம்மலைக்குத் தலைகால் புரியவில்லை. வள்ளியப்பன் வீட்டு முன்வாசலின் ஏழு படிகளில் தாவ அவரிடமே போய் அனுமதி கேட்டார். வீட்டை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற மனிதர் அவர்.

“ஞாயித்துக்கிழமை கல்யாணம் இருக்குப்பா. காலையில ஆறரைக்கெல்லாம் தெருப்பக்கமா ஆடிட்டுக் கிளம்பிரணும். வீட்டுக்குள்ள ஒரு கால் வந்துச்சு, கோட்டையூர்ப் புள்ளி அம்புட்டையும் நீ அழிச்சிரணும்.”

“சரிண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை முன்வாசலில் காத்து நின்றார். ஆறரை ஆச்சு, ஏழும் ஆச்சு. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. போன் போட்டார்.

“நீங்க வச்ச புள்ளிக்கே வந்துட்டோம்ணே. இட்லி பரிமாறிக்கிட்டு இருக்கோம்.”

அப்போதுதான் செம்மலைக்கு உறைத்தது. அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. அடுப்படி பின்தெருவில். சிலிண்டரை இறக்கிய கையோடு அங்கேயே நின்று புள்ளி வைத்துத் தொலைத்திருக்கிறார்! தெருவைச் சுற்றி ஓடினார்.

பின்வாசலில் ஷூவைக் கழற்றிப்போட்டு உள்ளே நுழைந்தால், பதினோரு பேரும் சாம்பார் வாளியோடு பந்தியில் பறக்கிறார்கள். பரிமாற வரவேண்டிய ஆட்கள்தான் இவர்கள் என்று நினைத்து சமையல்காரர் அழகு இழுத்து விட்டிருக்கிறார். பக்கத்திலேயே வள்ளியப்பன்.

“என் தப்புதேண்ணே. எனக்கு உங்க வீடுன்னா இந்த வாசல்தேன். பழக்கதோஷத்துல இங்ஙனயே வச்சுட்டேன்.” செம்மலை போனை எடுத்தார். ஆறு வருஷ உழைப்பாயிற்றே! “அழிச்சிர்றேண்ணே.”

“அட, இருப்பா! வரவேண்டிய ஆளுக வராம நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும். இந்தப் பயலுக மட்டும் வரலைன்னா எம் மானம் போயிருக்கும். ஒண்ணையும் அழிக்காத. இந்தப் புள்ளிய மட்டும் முன்வாசல்ல போய் நின்னு மாத்தி வையி.”

செம்மலை பின்தெருப் பக்கம் திரும்பினார்.

“எங்குட்டுப் போற? உள்ளயே போப்பா.”

அடுப்படி தாண்டி, பந்தி தாண்டி, முற்றம் தாண்டிப் போனார். இத்தனை தூண்கள் இங்கே இருப்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். முன்வாசலின் மேல்படியில் நின்று புள்ளியை மாற்றினார். கண் கலங்கிவிட்டது. பின்னால் பதினோரு பேரும் கைதட்ட, ஏழு படிகளையும் ஒரே தாவாகத் தாவினார்.

தெருவில் இறங்கிய பிறகுதான் ஷூ பின்வாசலில் கிடப்பது நினைவுக்கு வந்தது. எடுக்க மறுபடியும் வீட்டுக்குள்ளேயே நடந்தார்.