ரொபேர் பிரபுவின் கைகள்

கொலோனில் பஸ் ஓட்டுகிற சிறீதரன் கோடையில் மட்டும் பிரெஞ்சுப் பிரபு. ஊருக்கு வெளியே ஒரு பழைய கோட்டையில் ஆண்டுதோறும் மத்தியகால விழாவும் அதில் ஒரு நாடகமும் நடக்கும். வாள் வீசுகிற வேடங்களையெல்லாம் ஜெர்மன்காரர் முந்திப் பிடித்துக்கொள்ள, ஒருவரும் சீண்டாத ரொபேர் பிரபு இவர் தலையில் விழுந்தார்.

பிரபு என்றதும் பெரிய ஆளென்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கல்வீடு, மாவரைக்கும் ஆலை, கொஞ்சம் வயல். ஆனால் வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை. ஆலைச் சண்டையில் பிரிந்துபோன தம்பி திரும்பி வந்து, முழந்தாளிட்டுக் கைகூப்புகிறான். அந்தக் கைகளைப் பிரபு தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டால், அவனைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டதாக அந்தக் காலத்து வழக்கம். ரொபேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தம்பி பக்கத்து ஊர்ப் பிரபுவிடம் போனான். ரொபேர் ஆளில்லாத வீட்டில் கிடந்து செத்தார்.

இந்தக் காட்சியைச் சிறீதரன் நடித்தால் சனம் மூச்சுவிடாது. பிறகென்ன, முன்பே ஒருமுறை செய்து பார்த்தவர்தானே! தகப்பனில்லாத தம்பி நிலக்ஷனை ஜெர்மனிக்குக் கூப்பிட்டுப் படிப்பித்து, பெண்ணும் பேசி வைத்திருந்தார். அவனோ கூடப் படித்த ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டான். பிறகு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில், அத்தனை சனத்துக்கு நடுவில், "அண்ணை, கோவிக்காதேங்கோ" என்று கும்பிட்டபடி வந்து நின்றான். சிறீதரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தேரின் பக்கம் திரும்பிவிட்டார். என்ன மடத்தனம்! அது உறைக்கத் தொடங்கியபோது வருஷங்கள் ஓடிவிட்டன. போனை எடுப்பார், வெட்கம் பிடுங்கித் தின்னும், வைத்துவிடுவார்.

இந்த வருஷம் காட்சியின் நடுவில் அவரால் முடியவில்லை. முழந்தாளிட்டு நின்ற ஜெர்மன்காரனின் கைகளை இறுகப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். நாடகம் குழம்பியது, நெறியாளர் கத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிறீதரன் தம்பி வீட்டு மணியை அடித்தார்.

நிலக்ஷன் சண்டை பிடிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்தான்.

"பிழை என்னிலதான், தம்பி," என்றார் சிறீதரன். "நான் அப்பிடிச் செய்திருக்கக் கூடாது."

அதெல்லாம் முடிந்த கதை என்றான் நிலக்ஷன், மெல்லச் சிரித்தபடி. ஒருமுறைகூட அண்ணை என்று கூப்பிடவில்லை.

அறைக்குள்ளிருந்து அவனுடைய மகள் லாரா வந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. சிறீதரன் அவளைக் காண்பது இதுவே முதல் தடவை. இவர் யாரென்று தகப்பனிடம் கேட்டாள். தமிழிலேயே கேட்டாள். சிறீதரனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பாவின்ர ஊர் ஆள்," என்றான் நிலக்ஷன்.