உஷாராணி அளந்த ஒரு மீட்டர்

உஷாராணி செலண்டார் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது புக்கிட் பெருவாங்கில் குடியிருக்கிறார். மலாக்கா நகரில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடமாகத் துணி அளந்து வெட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடைப்பந்து நடுவர். எங்கள் கூடைப்பந்துச் சங்கத்தின் நடுவர் பட்டியலில் அவர் பெயர் 2013 மார்ச்சில் ஏறியது. 2024 ஜூலையில் அது நீக்கப்படும் நிலை வந்தது.

அந்த மாதம் 14-ஆம் தேதி, பெண்கள் இறுதியாட்டம். செலண்டார் அணி ஒரு புள்ளி முன்னிலை. ஏழு வினாடி மிச்சம் இருக்கும்போது அந்த அணியின் பவானேஸ்வரி பந்தைக் கையில் பிடித்தவள், மணி அடிக்கும்வரை விடவில்லை.

பந்தைப் பிடித்திருப்பவரை எதிரணி ஆள் ஒரு மீட்டருக்குள் நின்று மறித்தால், ஐந்து வினாடிக்குள் பந்தை எறிய வேண்டும், அல்லது தட்டிக்கொண்டு நகர வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். உஷாராணி கையை வீசி மூன்று வரை எண்ணினார். நிறுத்தினார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். இரண்டில் மணி அடித்தது.

"ஏழு செகண்ட் புடிச்சிருக்கா. சீலை அளக்கிற அக்காவுக்கு எண்ணத் தெரியலலா," என்றார் தோற்ற அணியின் பயிற்றுநர் பிச்சைமுத்து, திடல் முழுக்கக் கேட்கும்படி. மறுநாளே புகார் கொடுத்தார். புகார் நின்றால் பட்டியலில் உஷாராணி பெயர் நிற்காது.

சனிக்கிழமை காலை விசாரணை. சங்கத் தலைவர் சேகரன் கேள்வி கேட்டார், செயலாளரான நான் குறிப்பெழுதினேன்.

"மூணுல, மறிச்சு நின்ன பொண்ணு பின்னால போயிட்டா சார். ஒரு மீட்டர் தாண்டினா எண்ணக்கூடாது. திரும்பக் கிட்ட வந்தா ஒண்ணுலேர்ந்துதான்."

"ஒரு மீட்டர்னு கண்ணாலயே எப்படிம்மா சொல்றீங்க?"

"கடையில அதானே செய்றேன்."

பிச்சைமுத்து சிரித்தார். "அப்போ இங்க அளந்து காட்டுங்க."

அவர் கையிலேயே பந்தைக் கொடுத்து நிற்க வைத்தார் உஷாராணி. சேகரனை எதிரே நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் பின்னால சார். போதும்," என்றார். நாடா பிடித்தோம். ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர்.

"நாலு சென்டி கூட," என்றார் பிச்சைமுத்து. "எங்க வீட்டுக்காரி உங்க கடையை விடாததுக்கு இதான் காரணம் போல."

எல்லாரும் சிரித்தோம். உஷாராணி சிரிக்கவில்லை.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு எவ்வளவு தூரம் போச்சு?" என்று கேட்டார் சேகரன்.

உஷாராணி அவரை மேலும் இரண்டு சின்ன எட்டு பின்னால் நகர்த்தினார். ஒரு மீட்டர் அறுபத்திரண்டு.

பிச்சைமுத்து அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பந்தைக் கீழே வைத்தார். "அங்கதான் நின்னா. நான்தான் கத்துனேன், பின்னால போ, பாஸைத் தடுன்னு."

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நான் ஏட்டை மூடப் போனபோது உஷாராணி கிட்டே வந்தார். "அந்த நாலு சென்டியையும் எழுதுங்க அங்கிள்."

"புகாரே போயிருச்சேம்மா. உனக்கு எதிரா ஏன் எழுதணும்?"

"அளந்தோம்ல."

எழுதினேன். இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் உஷாராணி திடல் ஓரத்தில் நாடாவை ஒரு மீட்டருக்கு விரித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் விசிலை எடுக்கிறார்.