நிமிடத்துக்கு மூன்று கால்... ஜுலைகா அக்காவுக்கு

ஜுலைகா அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்... மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் நாங்கள் இருவரும் டெலிபோன் ஆபரேட்டர்கள். ஒரு சுவிட்ச்போர்டு, இரண்டு நாற்காலி.

அக்கா வேலை முடிந்து மாலை வகுப்பில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டால், "வீட்டுக்குப் போனா சமைக்கணும்ல" என்பார்.

ஒருநாள் மேனேஜர் வந்தார். காலை நேரத்தில்கூட சராசரியாக நிமிடத்துக்கு மூன்று போன் கால்தான் வருகிறது, மூன்றை ஒரே ஆள் சமாளிக்கலாம், அடுத்த மாதத்திலிருந்து ஒருவர் போதும் என்றார்.

புதிதாகச் சேர்ந்தவள் நான். யார் போவது என்று கேட்கவே வேண்டாம். அப்பா படுத்த படுக்கை, என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது... அழுதுவிட்டேன்.

அக்கா சொன்னார்: "ஆவரேஜ் மூணுதான் சரோ. அதுக்காக மூணு மூணா வரிசையில நின்னு வருமா? ஒரு நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, அடுத்த நிமிஷம் ஏழு வந்து விழும் லா. எத்தனைன்னு முன்னாடியே யாராலயும் சொல்ல முடியாது. அதான் ரேண்டம் வேரியபிள். ஆனா எத்தனை நிமிஷம் அப்படி விழுதுன்னு எண்ணிப் பார்க்கலாம்ல?"

தாளில் கட்டம் போட்டார். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று தலைப்பு. ஒரு நிமிடத்தில் எத்தனை கால் வந்ததோ, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு.

நான் சும்மா இருந்தேனா? தேக்கா கடைத்தெருவில் மளிகைக் கடையில் இருந்த மாமா மகனிடம் சொல்லி, பத்தரை மணிக்கு அவனையும் பக்கத்துக் கடைக்காரர்களையும் ஆபீஸுக்கு மாறி மாறி போன் அடிக்க வைத்தேன்!

அதில் ஒரு காலை அக்கா எடுத்துவிட்டார். அந்த மடையன் "போதுமா, இன்னும் அடிக்கணுமா?" என்று கேட்டிருக்கிறான்.

அக்கா திட்டவில்லை. அன்றைய தாளைக் கிழித்துப் போட்டார். "சொல்லி வெச்சு வர்றது இதுல சேராது புள்ளே. தானா வர்றதைத்தான் எண்ணணும்."

எனக்கு அப்படியொரு கோபம். போகப்போவது என் வேலை, இவருக்கென்ன...

மறுநாள் முதலிலிருந்து எண்ணினோம். காலையில் அறுபது நிமிடத்தில் இருபத்தொரு நிமிடம் மூன்றுக்கு மேல். மதியம் அப்படி அநேகமாக இல்லை. அதையும் அக்கா மறைக்காமல் எழுதினார்.

தாளை மேனேஜரிடம் கொடுத்தோம். சரி, காலைக்கு இரண்டு பேர் இருக்கட்டும், மதியத்துக்கு ஒருவர் போதும் என்றார். அதாவது ஒருவருக்கு அரை நாள், அரைச் சம்பளம்.

நான் வாயே திறக்கவில்லை. அரை நாளை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். "படிக்க டைம் கிடைக்கும்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று மாதத்தில் வகுப்பை நிறுத்திவிட்டார். ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தும், முழுச் சம்பளத்தோடு அதே நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா.

போய் வாருங்கள்.