பதினோரு பேரை அமெரிக்கா கூட்டிப்போன கதை

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் இருப்பவர் கண்ணில் ஊர் படாது, அந்த ஊரில் நடக்கிறவர்களின் முதுகுதான் படும். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கோயிலுக்காவது போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யாருக்குச் செருப்பு கடிக்கிறது, யாருக்கு மாத்திரை தீர்ந்தது, யாரை இன்னும் காணோம், இதுதான் நாம் பார்க்கிற உலக அதிசயம்.

நான் ரங்கூன்காரி. வீட்டில் சந்திரா, வெளியே பர்மியப் பெயரில் மா சந்தா. லத்தா பேட்டையில் ஒரு மொத்த வியாபார பிளாஸ்டிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், எங்கள் பயண அலுவலகம் இருந்தது. அங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தேன். இங்கே சொல்வது எங்களுடைய கடைசி அமெரிக்கப் பயணத்தைப் பற்றி. பதினோரு பேர், பதினாறு நாள், ஐந்து நகரம். எனக்குத் துணையாகக் கோ தெட் வந்தான். முப்பது வயது, எனக்குத் தம்பி மாதிரி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பர்மியப் பையன். பஸ்ஸில் எல்லோரும் ஏறியதும் தலை எண்ணுவது அவன் பொறுப்பு.

முன்பெல்லாம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இப்படிக் குறிப்பு எழுதி வைப்பேன். இப்போது இங்கிருந்து யாரும் போகிற மாதிரி இல்லை. ஆனாலும் எழுதுகிற பழக்கம் போகவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ்: உப்புக்கண்டம்

முதல் யோசனை: பெட்டியில் இறைச்சி வைக்காதீர்கள். காய்ந்ததோ, வறுத்ததோ, எதுவும் கூடாது. ரங்கூனில் வைத்து மூன்று தடவை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். விமான நிலையத்தில் அதிகாரி எங்கள் குழுவில் ஒரு பெட்டியை மட்டும் ஓரமாக எடுத்து வைத்தார். தெய்வானை அக்காவின் பெட்டி. ரங்கூனில் தாகேதா பக்கத்திலிருந்து வந்தவர், கூட வந்த அவர் கணவர் முருகையா அண்ணன் ரங்கூன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். புடவைகளுக்கு நடுவில், நாலு பிளாஸ்டிக் பைக்குள், இரண்டு கிலோ ஆட்டு உப்புக்கண்டம்.

"இது யாருக்கு?" என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "மகனுக்கும்மா. பஃபலோவுல இருக்கான்," என்றார் அக்கா. அமெரிக்காவில் உறவுக்காரர் யாரும் இல்லை என்று விசா மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் திரும்பி, "இவருக்கே சாப்பிடத்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏழு வருஷத்தில் நான் மாற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதிகாரி கோபப்படவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு நாலு பையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டார். அக்கா என் தோள்பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "குப்பையில போடறதுக்குக் கைக்கு உறை எதுக்கும்மா? நான் வெறுங்கையாலதானே செஞ்சேன்."

சான் பிரான்சிஸ்கோ: பாலம்

ஜூலை மாதம்தானே என்று பருத்திச் சட்டையோடு சான் பிரான்சிஸ்கோ போகாதீர்கள். பல் கிட்டிப் போகும். எங்கள் ஆட்கள் ஹோட்டல் போர்வையைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். அந்தப் பெரிய சிவப்புப் பாலத்தைப் பார்க்க ஒரு மேட்டில் நிறுத்தினேன். மூடுபனி. பாலத்தின் இந்த முனையும் இல்லை, அந்த முனையும் இல்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். பனி இன்னும் கொஞ்சம் கெட்டியானதுதான் மிச்சம்.

வீடு கட்டும் கான்ட்ராக்டர் ஊ பா மவுங் என்று ஒருவர் குழுவில் இருந்தார். புகார் சொல்வதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதைத் திறந்தார், எதையோ எழுதினார், மூடினார். பிறகு, டீச்சரம்மா என்கிற பர்மிய மரியாதையோடு சொன்னார்: "சயாமா, பாலம் இருக்குன்னு நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். ஆனா இதை நம்பறதுக்கு நான் ரங்கூன்லயே இருந்திருக்கலாம்."

சிகாகோ: மிளகாய்

ஹோட்டல் அறையில் எதையும் வறுக்கக் கூடாது. இதையும் சொல்லியிருந்தேன். ஆனால் ஆறு நாள் ரொட்டி தின்ற வாய் சும்மா இருக்குமா? கியாக்தான் ஊரிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள் காலை ஆறு மணிக்குச் சின்ன மின்சார அடுப்பில் காய்ந்த மிளகாயையும் ங்காப்பி என்கிற மீன் விழுதையும் போட்டு வதக்கினார்கள். புகைமணி அலறியது. பன்னிரண்டு மாடி ஹோட்டல் முழுக்கத் தூக்கக் கலக்கத்தோடு தெருவில் வந்து நின்றது. தீயணைப்பு வண்டி வந்து, ஆட்கள் கோடரியோடு மாடியேறி, ஒரு வாணலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேனேஜரிடம் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர் இருமிக்கொண்டே தலையாட்டினார்.

சகோதரிகள் அழுதார்கள். கோ தெட் அவர்களைச் சமாதானம் செய்வான் என்று தேடினேன். அவன் நடைபாதையில் தனியாக நின்று தீயணைப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின வருஷம் ரங்கூனில் அவன் இருந்த தெருவில் பதினேழு வீடு எரிந்தது. எல்லோரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். அவன் அம்மாவின் வீடும் அதில் ஒன்று. நான் பக்கத்தில் போனதும் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பர்மியத்தில் சொன்னான்: "அக்கா, மணி அடிச்சு நாலே நிமிஷத்துல வந்துட்டாங்க."

சிகாகோ: கோபுரம்

உயரமான கட்டிடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பணம் வீண் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கும் அப்படித்தான். முருகையா அண்ணன் மட்டும் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் கிரேன் உச்சியில் உட்கார்ந்தவருக்கு உயரம் என்ன பயம்? கீழே கடல் மாதிரி ஏரி. நான் ஏரியின் பேர், நீளம், அகலம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இடமும் வலமும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி தமிழில் கேட்டார்: "இதுல பஃபலோ எந்தப் பக்கம் தாயி?"

பஃபலோ: காலைச் சாப்பாடு

நயாகரா போகிறவர்கள் பஃபலோவில்தான் தங்குவார்கள். காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கி வந்தபோது அந்த மகன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பெயர் செல்வம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மலேசியா போய், அங்கிருந்து அகதியாக அமெரிக்கா வந்தவன். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில் வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்தான், சட்டையில் சோப்புத்தூள் வாசம். தெய்வானை அக்கா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முருகையா அண்ணன் மகன் தட்டில் ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செல்வம் எழுந்தான்.

"அக்கா, என் சம்சாரத்துக்கு ஏழு மாசம். இங்க எங்களுக்கு யாருமில்ல. அம்மா ரெண்டு மாசம் இருக்கட்டும். பிரசவம் முடிஞ்சதும் நானே டிக்கெட் போட்டு அனுப்பிடறேன்," என்றான். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் என் பைக்குள் இருந்தது. அக்காவின் பாஸ்போர்ட்டில் ஆறு மாசத்துக்கு முத்திரை குத்தியிருந்தார்கள். சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் போகிற பதினோரு பேரும் ஒரே நாளில் திரும்புவார்கள் என்று எங்கள் முதலாளி தூதரகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதை மீறினால் அடுத்த குழுவுக்கு விசா கிடைக்காது. எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிற ஆறு பேரின் பிழைப்பு போகும். அதையெல்லாம் சொன்னேன். மனுவில் மகனைப் பற்றி மறைத்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நான் இங்கேயே தங்கிடுவேன்னு நினைக்கிறியா?" என்று அக்கா கேட்டார். நினைத்தேன் என்பதுதான் உண்மை. முருகையா அண்ணன் எழுந்து, "சரி, விடு. அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு," என்று பெட்டியை எடுக்கப் போனார். அக்கா அன்றைக்கு அருவியைப் பார்க்க இறங்கவில்லை, பஸ்ஸிலேயே இருந்தார். இதெல்லாம் பிறகு. செல்வம் ஹோட்டல் வாசல்வரை என் பின்னாலேயே வந்தான். கத்தவில்லை, திட்டவில்லை. கேட்டது இது மட்டும்தான்: "நீங்களும் தமிழ்தானே அக்கா?"

நியூயார்க்: ஆள் கணக்கு

நியூயார்க்கில் நாலு நாள். என்ன பார்த்தோம் என்று கேட்காதீர்கள், நான் தெய்வானை அக்காவை மட்டும்தான் பார்த்தேன். சுதந்திர தேவி சிலைக்குப் படகில் போனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைத்தெருவில் அவர் பின்னால் நடந்தேன். அவர் கழிப்பறைக்குப் போனால் வாசலில் நின்றேன். அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒருமுறை வெளியே வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "இருக்கேன், இருக்கேன்," என்றார். நான் வெட்கப்பட்டேன், ஆனால் நகரவில்லை.

கடைசி நாள் மதிய விமானம். சோதனைக்குப் போகுமுன் பாஸ்போர்ட்டுகளை அவரவர் கையில் கொடுத்தேன், கோ தெட்டிடம் அவனுடையதையும் கொடுத்தேன். காபி வாங்கி வருகிறேன் என்று போனான். இருபது நிமிஷம் ஆனது. நாங்கள் சோதனை முடித்து உள்ளே போனோம். முக்கால் மணி ஆனது. ஊ பா மவுங் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கடைசி அழைப்பு வந்தபோது பதினோரு பேரையும் உள்ளே ஏற்றிவிட்டு, நான் மட்டும் விமான வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போனில் அவன் செய்தி வந்தது. எட்டுப் பயணம் என்னோடு வந்தவன், என் பிள்ளைகளுக்கு ஊர் ஊராகப் பொம்மை வாங்கியவன். பர்மியத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பதினோரு பேரும் இருக்காங்களான்னு எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

ரங்கூன்: லத்தா சந்தை

அடுத்து அனுப்பிய குழுவுக்கு விசா மறுக்கப்பட்டது. அதற்கடுத்த குழுவுக்கும் அப்படியே. ஊழியரே ஓடிப்போன அலுவலகத்தை யார் நம்புவார்கள்? நாலு மாதத்தில் முதலாளி பலகையைக் கழற்றினார். நான் காப்பாற்றிய ஆறு பேரின் பிழைப்பும், என்னுடையதையும் சேர்த்து, அத்தோடு முடிந்தது. பிறகு எங்கள் நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்க விசாவே இல்லை என்று ஆகிவிட்டது. அலுவலகம் இருந்திருந்தாலும் பயனில்லை. நான் இப்போது கீழே அந்தப் பிளாஸ்டிக் கடையிலேயே இருக்கிறேன், வாளியும் மூடியும் எடுத்துக் கொடுக்கிறேன். கோ தெட் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்புவான். எங்கே இருக்கிறான் என்று நான் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

போன மாதம் சந்தையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே தெய்வானை அக்கா. ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் அதற்குள் கையைப் பிடித்துவிட்டார். முருகையா அண்ணன் மழைக்காலத் தொடக்கத்தில் இறந்துபோனாராம். செல்வத்தால் வர முடியவில்லை, அவன் வந்தால் திரும்பிப் போக முடியாது. இவராலும் அங்கே போக முடியாது. பிரசவத்தின்போது மருமகள் பக்கத்தில் யாரும் இல்லை, ஆலையில் கூட வேலை செய்கிற ஒரு பெண்தான் போய் இருந்தாளாம். இதையெல்லாம் விலைவாசி பேசுகிற மாதிரியே சொன்னார். என்னைக் குறை சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் காதில் வாங்காமல் போனை எடுத்துப் பேரனின் படத்தைக் காட்டினார். பனியில் நிற்கிற குண்டுக் கன்னப் பையன், கம்பளித் தொப்பி. வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பேசுவானாம், கரண்டு இருந்தால். "உங்களை எப்படிக் கூப்பிடுவான்?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல். அக்கா போனைச் சேலையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆன்ட்டின்னு கூப்பிடுறான்மா. அப்படியாவது கூப்பிடுறானேன்னு நான் திருத்தல."

பதினோரு பேரையும் சொன்ன தேதியில், சொன்ன விமானத்தில், ஒருவர் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று முதலாளி எனக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "கூட வந்த அந்தப் பையன்?" என்று கேட்காத அலுவலகம் ஏதாவது இந்த ஊரில் மிச்சமிருந்தால் சொல்லுங்கள்.