காயாத சுவர்

பக்கத்து மனையில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். ஈரச் சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியே வந்ததும், எட்டு வயதுப் பெண்ணாக எங்கள் ஊர் செந்துறையில் நிற்கிறேன்.

அப்பா மலேசியாவில் கட்டட வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றேழில் ஜன்னல் உயரத்தோடு அது நின்றுபோனது.

"தாய்லாந்துல காசு மதிப்பு சரிஞ்சுபோச்சாம். அது மலேசியாவையும் இழுத்துட்டுது. அங்கயும் கட்டடமெல்லாம் பாதியில நிக்குதாம்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் கரணையைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறமும் அம்மா தினமும் சாயங்காலம் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் வந்த கொத்தனார், "சொவரு எப்பவோ இறுகிடுச்சும்மா, போதும்" என்றார்.

"காஞ்சா வேலை நின்னுடுச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும்ண்ணே."

ஊருக்குத் தெரியாதா என்ன! மணல் குவியலில் என்னோடு விளையாட வந்த பிள்ளைகள்கூட, புது மணல் இறங்காததால் வருவதை நிறுத்திவிட்டார்கள். கூரையில்லாத அறைகளில் நான் மட்டும் அப்பாவோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அப்பாவே ஒற்றைப் பையோடு வந்து நின்றார். சுவரெல்லாம் பச்சைப் பாசி. விரலால் தடவிப் பார்த்தார். அம்மா குடத்தோடு அசையாமல் நின்றாள்.

"வேலை போயிடுச்சு" என்றார்.

பிறகு அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி, மிச்சச் சுவருக்கு ஊற்ற ஆரம்பித்தார்.