எஸ்கிமோவும் ஹெர் சிவாவும்

அருங்காட்சியகக் காவலனின் வேலை, எதுவும் நடக்காதபடி நாள் முழுக்க நிற்பது. நின்றே சம்பாதிக்கும் அன்பர்களே, குதிகால் வலியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் எசன் நகரில், வடதுருவ மக்களின் கூடம் என் பொறுப்பு.

பச்சை இறைச்சி

கூடத்தின் ஆங்கிலப் பலகையில் ‘எஸ்கிமோ’ என்று இருந்தது. ‘பச்சை இறைச்சி தின்போர்’ என்று பொருள் என்பார்கள். இல்லை, பனிக்காலணிக்கு வலை பின்னுவோர் என்கிறார்கள் அறிஞர்கள். எப்படியானாலும் அது பக்கத்து இனத்தவர் வைத்த பெயர். ஆங்கிலத்துக்குப் போய் நிலைத்துவிட்டது.

ஒரு பெரியவர் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வந்தார். அரைத்த பச்சைப் பன்றியிறைச்சியும் வெங்காயமும் வைத்த பாண் ரொட்டியை அப்போதுதான் முடித்திருந்தார். வாயைத் துடைத்தபடி மனைவியிடம் சொன்னார்: “பாவம், சமைக்கத் தெரியாத சனங்கள்.”

இடப் பிரச்சினை

அந்தச் சொல்லை நீக்க ஒரு குழு கூடியது. மாதக்கணக்கில் விவாதித்து ‘இன்யூட்’ என்று முடிவு செய்தது. ‘மக்கள்’ என்று பொருள். எனக்கும் ஆசை வந்தது. என் சட்டையின் பெயர்ப் பட்டையில் ‘ஹெர் சிவா’, அதாவது ‘திரு சிவா’, என்றிருப்பதை ‘சிவபாதசுந்தரம்’ என்று மாற்றித் தரும்படி இயக்குநர் அம்மையாரிடம் கேட்டேன். உண்மையான வருத்தத்துடன் பதில் சொன்னார்: “எவரையும் அவரவர் பெயரால் அழைப்பதே எங்கள் கொள்கை, ஹெர் சிவா, ஆனால் பட்டையில் இடமில்லையே.”

ராணி அக்கா

வாசலில் பார்வையாளர்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கும் ராணி அக்காவிடம் புலம்பினேன். என்னைப் போல இலங்கையிலிருந்து வந்த பருத்தித்துறைக்காரி, ஆறுதல் சொல்லும் பழக்கமில்லை.

“உம்மட பக்கத்துக் கூடத்தில நிக்கிறவரின்ர பேர் என்ன, தம்பி?”

“போலந்துக்காரன்...”

“அது நாடு. பேர்?”

எனக்குத் தெரியவில்லை. அன்று டிராமில் வீடு போகும் வரை அது உறுத்தியது. அவருக்கு நான் யார்? அக்கா சொல்லித்தான் விட்டிருந்தார்: “அவர் உம்மை இந்தியன் எண்டுதான் சொல்லுறவர். கணக்குச் சரி.”

விருந்தாளி

புதிய பலகையின் திறப்பு விழாவுக்குக் கிரீன்லாந்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் வைன் மேசைக்குப் போனபின், அவர் மட்டும் பலகை முன் நின்றார். பிறகு என் பட்டையைப் பார்த்தார்.

“இதுதான் உங்கள் முழுப் பெயரா?”

சொன்னேன். இரண்டு இடத்தில் தடுக்கி, மறுபடி தொடங்கி, முழுவதையும் சொல்லி முடித்தார். இந்தக் கட்டடத்தில் இன்னொருவர் வாயில் அந்தப் பெயர் ஒலித்தது அதுவே முதல் முறை. பலகை சரிதானா என்று நானும் கேட்டேன்.

“தவறில்லை. ஆனால் எங்கள் ஊரில் நாங்கள் எங்களைக் கலாலிட் என்போம். இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை, சிவபாதசுந்தரம்.”

குழு மறுபடியும் கூடப்போகிறதாம். பக்கத்துக் கூடத்து மாரெக் என்னைச் சரியாகக் கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார், என் சட்டைதான் இன்னும் ஹெர் சிவா என்கிறது.